கத்திரிப்பூ நிறத்தில் ஒரு மாலைப் பட்டு

ஈஜிபுராவில் எங்கள் அத்தையின் பீரோவில் இருக்கும் மைசூர் கிரேப் பட்டுப் புடவை இது. 1950களில் எடுத்தது. அதே துணியில் தைத்த ரவிக்கையும் கூடவே, ஒரே மல் துணிக்குள் மடித்து வைத்திருக்கிறார். முதலில் நிறத்தைப் பாருங்கள். பகல் வெளிச்சத்தில் அடக்கமான கத்திரிப்பூ. விளக்கு ஏற்றியதும் அதற்குள்ளிருந்து நாவற்பழத்தின் கருமை மெல்ல எழுந்து வருகிறது. மாலைக் கச்சேரிக்கும் விருந்துக்கும் என்றே பிறந்த நிறம்.

இப்போது கையில் எடுத்துப் பாருங்கள். காஞ்சிப் பட்டு கம்பீரமாக விறைத்து நிற்கும். இது தண்ணீர்போல் விரலிடுக்கில் வழிகிறது. அந்த நளினமெல்லாம் நூலின் முறுக்கில் இருக்கிறது. ஒரு நூலை வலமாகவும் அடுத்ததை இடமாகவும் இறுக முறுக்கி நெய்கிறார்கள். பிறகு சோப்பு நீரில் கொதிக்கவைத்துப் பட்டின் இயற்கைப் பசையை நீக்குகிறார்கள். கட்டு விட்ட முறுக்கு தளரப் பார்க்கிறது. தளரத் தளரத் துணி முழுவதும் கண்ணுக்கு எட்டாத சிறு சுருக்கங்கள் பூக்கின்றன. ஒளி அதில் பளீரென்று தெறிக்காமல் பொடிப்பொடியாக உதிர்கிறது. நான்காம் கிருஷ்ணராஜ உடையார் 1912இல் ஸ்விட்சர்லாந்துத் தறிகளைத் தருவித்து மைசூரில் தொடங்கிய ஆலையின் வழியாக வளர்ந்த கலை இது. மன்னரின் ரசனையை வாழ்த்தாமல் இருக்க முடியவில்லை.

புடவையின் உடலில் ஒரு பூகூட இல்லை. இரண்டு விரல் அகலச் சரிகைக் கரை மட்டும். அதிலும் மாங்காய் இல்லை, அன்னம் இல்லை. இவ்வளவு அழகான நிறத்துக்கு அதுவே போதும் என்று நெய்தவருக்குத் தெரிந்திருக்கிறது. பொன்முலாம் சற்றே தேய்ந்து அடியிலுள்ள வெள்ளி எட்டிப் பார்க்கிறது. புதுச் சரிகையைவிட எனக்கு இந்த நிலாச் சாயல்தான் பிடிக்கிறது.

ரவிக்கைக்கு வருவோம். குட்டையான பஃப் கை. தோளில் எண்ணி எடுத்ததுபோல் ஒரே சீரான சுருக்குகள். புடவைக் கரையே கை விளிம்பில் வளையலாகச் சுற்றி வருகிறது. ஊக்குகளுக்கு எதிரே ஊசியால் கையாலேயே பின்னிய நூல் கண்கள், எள்ளளவு சிறியவை. தயவுசெய்து உட்புறத்தையும் திருப்பிப் பாருங்கள். பக்கத் தையலுக்குள் தையற்காரர் தாராளமாகத் துணி விட்டிருக்கிறார். வெயிலும் வியர்வையும் படாத அந்த விளிம்பில், கடையில் விரித்துக் காட்டிய அன்றைய கத்திரிப்பூ அப்படியே ஈரமாக மின்னுகிறது. ஒருமுறை பிரித்துவிட்டதற்கு அடையாளமாக, பழைய தையல் போன வழியில் ஊசித்துளைகள் வரிசையாக நிற்கின்றன.

அத்தையின் பேத்திக்கு இதை உடுத்த ஆசை. ரவிக்கை சற்றுப் பிடிக்கிறது. தெருமுனைத் தையற்காரர் உட்தையலை விரலால் நீவிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “இன்னும் ஒரு விரக்கடை இருக்கும்மா, பிரிச்சு விட்டா தாராளமா போடலாம்.”