அடுக்களை வாசனையில் ஒரு கனவு

கவிதைக்குள் கனவு வந்தால் பெரும்பாலும் இறக்கையோடுதான் வரும். கறுப்பின அமெரிக்கக் கவிஞர் லாங்ஸ்டன் ஹியூஸ் அதை அடுக்களைக்குள் கொண்டுபோய் வைத்தார். அவருடைய 'ஹார்லெம்' பதினோரே அடிகள் கொண்ட கவிதை. 1951-இல், நியூயார்க்கின் கறுப்பினர் பகுதியான ஹார்லெமின் வாழ்க்கையைப் பல குரல்களில் பாடும் ஒரு தொடர்கவிதை நூலின் பகுதியாக வெளிவந்தது. நாளை, நாளை என்று தள்ளிப்போய்க்கொண்டே இருக்கும் கனவு கடைசியில் என்னதான் ஆகும் என்று முதலடியிலேயே கேட்டுவிடுகிறார். பிறகு பதிலாகச் சில பொருள்களை எடுத்து நம்முன் வைக்கிறார்: வெயிலில் சுருங்கிய திராட்சை, சீழ் வடியும் புண், கெட்டுப்போன இறைச்சி, மேலே சர்க்கரை பூத்து இறுகிய பாகுப் பண்டம், பாரமான ஒரு சுமை. முடிவில் ஒரு வெடிப்பு.

இந்த வரிசையை மெதுவாகப் படிக்க வேண்டும். திராட்சையைக் கண் பார்க்கிறது. புண்ணைத் தோல் அறிகிறது. இறைச்சி மூக்குக்கு வருகிறது, பாகு நாக்குக்கு. சுமை முதுகெலும்பில் உட்காருகிறது. ஒன்று மட்டும் விடுபட்டிருப்பதை அப்போது கவனிக்கிறோம்: இத்தனை பொருள்களில் சத்தம் எழுப்புவது எதுவும் இல்லை. காதைக் கடைசி அடிவரை காக்க வைத்திருக்கிறார் ஹியூஸ். அதனால்தான் அந்த வெடிப்பு, அளவில் ஒரே ஒரு சிறு கேள்வியாக இருந்தும், படிப்பவரைத் தூக்கிப்போடுகிறது.

இந்தப் பொருள்களில் என்னை அதிகம் நிறுத்தி வைப்பது பாகுப் பண்டம். புண்ணையும் இறைச்சியையும் பார்த்தவுடன் ஏதோ கெட்டுவிட்டது என்று யாரும் சொல்லிவிடுவார்கள். பாகு அப்படியில்லை. கவனிப்பாரற்றுக் கிடந்த பண்டம்தான், ஆனால் மேலே படிந்த சர்க்கரை மினுங்குகிறது, நாக்கு அதை இன்னும் இனிப்பு என்றே நம்புகிறது. ஹார்லெமின் காட்டன் கிளப் 1920-களில் புகழ்பெற்றிருந்த இரவு விடுதி. மேடையில் ஜாஸ் இசைக்கலைஞர் ட்யூக் எலிங்டனும் கறுப்பின ஆட்டக்காரர்களும் இருந்தார்கள். காசு கொடுத்து உட்கார்ந்து பார்க்கும் உரிமை மட்டும் வெள்ளையருக்கு. ஹியூஸ் இதைத் தன்வரலாற்றில் கசப்போடு எழுதியிருக்கிறார். சிரிப்பும் பாட்டுமாக வெளியே தெரிந்த ஹார்லெமின் மேற்பரப்பு எதனால் ஆனது என்பதை அந்தச் சர்க்கரை சொல்கிறது. இந்தக் கவிதையின் மிகக் கொடுமையான உவமை இதுதான் என்பேன். அழுகலுக்கு அடுத்தபடி இனிப்பை வைத்து, இரண்டையும் இயைபால் முடிச்சுப் போட்டிருக்கிறார்.

யாப்பின் நுட்பம் இன்னும் இருக்கிறது. கவிதை முழுக்கக் கேள்விகள். சுமையைப் பற்றிய இடம் ஒன்றுதான் கேள்வி இல்லாமல், 'ஒருவேளை' என்ற தயக்கத்தோடு, குரல் தாழ்ந்து வருகிறது. கேட்டுக் கேட்டு அலுத்தவன் ஒருகணம் உட்கார்ந்துவிட்டதைப் போன்ற தொய்வு அந்த வாக்கியத்திலேயே தெரிகிறது. பிறகு ஒரு இடைவெளி. அதன்பின் சாய்வெழுத்தில், தனியாக, கடைசி அடி. அதுவரை ஒவ்வொரு பொருளுக்கும் முன்னால் நின்ற உவம உருபு இங்கே இல்லை. கனவு வெடிகுண்டு போல ஆகுமா என்று அவர் கேட்கவில்லை. கனவே வெடிக்கிறது. சுமையைச் சொன்ன அடியின் ஈற்றோசையும் வெடிப்பின் ஈற்றோசையும் ஒன்றே. நடுவில் விட்ட வெற்றிடத்தைத் தாண்டி அந்த இயைபு இரண்டையும் இழுத்துக் கட்டுகிறது. சுமந்தவர்கள்தான் வெடிப்பார்கள் என்பதை ஓசையிடமே விட்டுவிட்டார்.

கறுப்பு, வெள்ளை, அநீதி, உரிமை என்ற சொற்களில் ஒன்றுகூட இந்தக் கவிதையில் இல்லை. தலைப்பில் ஊர்ப்பெயர் இருக்கிறது, அதுவே போதுமானதாக இருந்தது. தெற்கு மாநிலங்களின் பருத்திக் காடுகளையும் வெறிக் கும்பல்களையும் விட்டுத் தப்பி வந்தவர்கள் நிறைந்த ஊர் அது. ஹிட்லருக்கு எதிரான போரில் நிறத்தின்படி பிரிக்கப்பட்ட படைப்பிரிவுகளில் நின்று போரிட்டுத் திரும்பியவர்களின் ஊர். 1943 ஆகஸ்டில் ஒரு வெள்ளைப் போலீஸ்காரர் கறுப்பினச் சிப்பாய் ஒருவரைச் சுட, அவர் இறந்துவிட்டார் என்று வதந்தி பரவி, தெருக்கள் கொந்தளித்தன. ஆகவே கடைசி அடியை 1960-களில் அமெரிக்க நகரங்களில் எழுந்த கலவரங்களுக்குச் சொன்ன ஆரூடமாக மட்டும் படிப்பது அதைக் குறைத்துவிடுகிறது. ஹியூஸ் ஏற்கெனவே கேட்டிருந்த சத்தம் அது.

ஹியூஸுக்கு முன்பே, 1945-இல், சிகாகோவிலிருந்து க்வெண்டலின் ப்ரூக்ஸ் இதே கனவை அடுப்பங்கரையில் நிறுத்தியிருந்தார். ஐந்தாண்டு கழித்துப் புலிட்சர் பரிசு பெற்று, அதைப் பெற்ற முதல் கறுப்பினர் ஆனவர். அவருடைய 'கிச்சனெட் பில்டிங்' கவிதைக்குப் பின்னால் ஒரு வீட்டுக் கணக்கு இருக்கிறது. கறுப்பினருக்கு விற்கவோ வாடகைக்கு விடவோ கூடாது என்று வெள்ளையர் பகுதிகளில் பத்திரத்திலேயே எழுதி வைத்தார்கள். போக வேறு இடமில்லாததால் மக்கள் சவுத் சைடு பகுதியிலேயே நெருக்கியடித்து வாழ்ந்தார்கள். வீட்டுக்காரர்கள் பெரிய வீடுகளைத் தடுப்பு வைத்துப் பிரித்து, அறைக்கு ஒரு குடும்பம் வைத்து வாடகை வாங்கினார்கள். பல குடும்பங்களுக்கும் பொதுவாக ஒரு குளியலறை. ப்ரூக்ஸும் கணவரும் அப்படிப்பட்ட கட்டடத்தில் குடியிருந்தவர்கள்.

இங்கே கனவுக்கு வெள்ளையும் ஊதாவுமாக நிறம் உண்டு, இசைநாடகப் பாட்டும் பாடத் தெரியும். ஆனால் அது வெங்காயப் புகையைத் தாண்டி, உருளைக்கிழங்கு பொரியும் வாடையோடு மல்லுக்கட்டி, நடைவழியில் கிடக்கும் நேற்றைய குப்பையையும் கடந்து வர வேண்டியிருக்கிறது. அந்தக் குப்பை பழுக்கிறதாம். அந்தக் கட்டடத்தில் கனியும் நிலைக்கு வந்திருப்பது அது ஒன்றுதான்! கவிதையில் 'நான்' இல்லை, கட்டடம் முழுவதும் 'நாம்' என்று பேசுகிறது. கனவை உள்ளே விட்டால் அதைச் சூடாக வைத்து, சுத்தமாகப் பேண நேரம் இருக்குமா என்று கைக்குழந்தையைப் பற்றிப் பேசுவதுபோல யோசிக்கிறார்கள். யோசனை முடிவதற்குள் குளியலறை காலியாகிவிடுகிறது. வெளியே வந்தவருக்குப் பெயர் கிடையாது, ஐந்து என்ற எண்தான். கனவு அந்த இடத்தில் கைவிடப்படுகிறது, வெதுவெதுப்பான தண்ணீர் கொஞ்சம் மிஞ்சியிருக்காதா என்ற ஆசை முந்திக்கொள்கிறது. சானெட் என்ற ஆங்கிலப் பா வடிவத்துக்குப் பதினான்கு அடி வேண்டும், இந்தக் கவிதை பதின்மூன்றில் நிற்கிறது. எழுந்து ஓடவேண்டியிருந்ததால் ஓரடி குறைந்துவிட்டது என்றே எனக்குப் படுகிறது.

லொரெய்ன் ஹான்ஸ்பெரியின் நாடகத்தை இந்த இரண்டு கவிதைகளுக்கும் பக்கத்தில் வைத்துப் படித்தால் ருசி கூடுகிறது. 1959 மார்ச்சில் பிராட்வேயில் அரங்கேறியது. கறுப்பினப் பெண் ஒருவர் எழுதி அங்கே மேடையேறிய முதல் நாடகம். 'எ ரெய்சின் இன் தி சன்' என்ற தலைப்பு ஹியூஸின் அந்தத் திராட்சையிலிருந்து வந்தது. ஆனால் திரை விலகியதும் நாம் நுழைவது ப்ரூக்ஸ் பாடிய மாதிரியான ஒரு சவுத் சைடு வீட்டுக்குள். அதிகாலை. சோபாவில் தூங்கும் பையனை அம்மா எழுப்புகிறாள், பக்கத்து வீட்டார் முந்திக்கொள்வதற்குள் நடைவழிக் குளியலறைக்கு ஓடச் சொல்லி.

அந்தக் குடும்பம் வெள்ளையர் பகுதியில் ஒரு வீட்டுக்கு முன்பணம் கட்டுகிறது. வராமலிருந்தால் பணம் தருகிறோம் என்று அங்கிருந்து வரும் ஆளைத் திருப்பி அனுப்பிவிட்டுக் கிளம்புகிறது. அந்தப் புதிய வீட்டை ஹான்ஸ்பெரி மேடையில் காட்டவே இல்லை, பழைய அறையிலேயே நாடகம் முடிகிறது. அங்கே என்ன காத்திருக்கும் என்று அவருக்குத் தெரியும். 1937-இல் அவருடைய தந்தை அப்படி ஒரு வீட்டை வாங்கியபோது கும்பல் வாசலுக்கு வந்தது. அது எறிந்த கல் சிறுமி லொரெய்ன் மேல் படாமல் தப்பியது மயிரிழையில். அந்த வீட்டைப் பற்றிய வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போய் 1940-இல் தந்தை வென்றார். ஆனால் அந்தத் தீர்ப்பு வழக்கு நடைமுறை சார்ந்த ஒரு காரணத்தோடு நின்றுவிட்டது. அத்தகைய பத்திரங்களை நீதிமன்றங்கள் அமல்படுத்தக் கூடாது என்ற தீர்ப்புக்கு மேலும் எட்டு ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது.