படத்தில் இருந்தும் யாரும் பார்க்காத குமிழி

சோப்புக் குமிழி நெபுலாவின் படத்தை ‘அழகு’ என்று சொல்லி ஒரு லைக் போட்டுக் கடந்துவிடுகிறோம். அன்ன விண்மீன் குழுவில், பிறை நெபுலாவுக்குப் பக்கத்தில், சிவந்த மூட்டத்துக்குள்ளே மெல்லிய விளிம்போடு ஒரு வட்டம். அமெச்சூர் வானியலாளர் டேவ் ஜுராசெவிச் 2008 ஜூலை 6 அன்று அதைக் கண்டுபிடித்தார். என்னை உலுக்கியது அதன் பிறகு நடந்ததுதான். பழைய பாலோமார் வானளவைப் படங்களைப் புரட்டினால், 16 வருசத்துக்கு முன்பே குமிழி மங்கலாகப் பதிவாகியிருக்கிறது! எத்தனையோ நிபுணர்கள் பயன்படுத்திய படங்கள் அவை. சிந்தாமணிச் சுவடிகளும் அங்கங்கே இருக்கத்தான் செய்தன, 1887இல் உ.வே.சா. பதிப்பிக்க வேண்டியிருந்தது, இல்லையா?

ஆஸ்திரியாவின் மத்தியாஸ் குரோன்பெர்கரை நான் நல்ல வாசகர் என்பேன். டிஜிட்டலாக்கப்பட்ட வானளவைப் படங்களைக் கணினியில் சலித்துச் சலித்து, 2011இல் வெளியே தெரியவந்த குரோன்பெர்கர் 61 என்ற நெபுலாவைப் பிடித்தார். ஹவாயின் ஜெமினி நோர்த் தொலைநோக்கி அதைப் படமெடுத்தது அப்புறம்தான். வட்டமாகத் தெரிவதெல்லாம் நெபுலா ஆகிவிடாது. படத்தட்டின் கறைகூட அப்படித் தெரியும். நிறமாலை எடுத்துப் பார்க்கும்வரை அது வெறும் சந்தேகம்.

பெயரே ஒரு குழப்பம். ஹெர்ஷலின் தொலைநோக்கியில் கோள்போல வட்டமாகத் தெரிந்ததால் ‘பிளானட்டரி’ என்றார். கோளுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. சூரியன் மாதிரியான விண்மீன் சாகும்போது உதறிய வாயு இது. சில பத்தாயிரம் ஆண்டுகளில் பரவிக் கரைந்துபோகும். வயதானவை மங்கலாக இருப்பது அதனால்தான். நாமோ ‘கோள் நெபுலா’ என்று மொழிபெயர்த்து அந்தத் தவறையும் தமிழுக்குக் கூட்டிவந்துவிட்டோம்.

நம் அறிவியல் பக்கங்கள்மீது எனக்குள்ள குறை இன்னொன்று. ஹெலிக்ஸ் நெபுலாவின் படம் ‘கடவுளின் கண்’ என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. எத்தனை மணி நேர ஒளி, எந்த ஃபில்டர், நிறங்களை யார் தேர்ந்தெடுத்தது என்று ஒரு வரிகூட இருக்காது. இந்த நெபுலாக்களில் பலவற்றின் முக்கிய ஒளி ஆக்சிஜனின் பச்சைக்கோடு, 500.7 நானோமீட்டர். 1864இல் வில்லியம் ஹக்கின்ஸ் அந்தப் பச்சையைப் பார்த்தபோது அது எந்தத் தனிமம் என்று யாருக்கும் தெரியவில்லை. ஆக்சிஜன்தான் என்று 1927இல் ஐரா போவன் விளக்கினார். படத்தில் அதையே நீலமாக்குவார்கள். ஆக்கட்டும், தப்பில்லை, சொல்லிவிட்டுச் செய்யணும்.

பினாங்கிலிருந்து அன்னம் வடக்கே நல்ல உயரத்துக்கே வருகிறது. ஆனால் ஜார்ஜ் டவுன் வெளிச்சமும் பட்டர்வொர்த் துறைமுக வெளிச்சமும் மேகமும் சேர்ந்தால் சாதாரண கேமராவுக்கு ஒன்றும் மிஞ்சாது. அந்தப் பச்சைக்கோட்டை மட்டும் விடும் குறுகிய ஃபில்டர் கொஞ்சம் காப்பாற்றும். எல்இடி தெருவிளக்குகள் அந்தப் பகுதியிலும் ஒளி கொட்டுவதால் முழுசாக இல்லை. பாலோமார் படங்கள் இணையத்தில் இலவசம். அவற்றைத் திறக்க மேகம் விலகக் காத்திருக்க வேண்டாம்.