முடியைவிட மெல்லிய தையல்

கொல்லிமலைச் சாமைக் காடுகளில் ஆண்டுக்கணக்காக வெயிலும் தூசியும் பட்ட கண்களில், மூக்கோரமாகச் சதை வளர்ந்து கருவிழிமேல் ஏறுவதுண்டு. உரித்தெடுத்தால் மட்டும் போதாது, பல சமயம் மீண்டும் வளரும். அதனால் அதே கண்ணின் மேல்பகுதியிலிருந்து மெல்லிய படலத்தை எடுத்து அங்கே ஒட்டுப்போடுகிறார்கள்.

நான் வியப்பது அந்த ஒட்டைப் பிடித்துவைக்கும் தையலை. 10-0 அளவு நைலான் நூல் தலைமுடியில் பாதிப் பருமன்கூட இல்லை. கருவிழியோர மூலைகளில் ஊசி விழிவெள்ளையின் மேற்பரப்பையும் சற்றே பிடிக்க வேண்டும். இல்லையேல் ஒட்டு நகரும். ஆழமாய்ப் போனால் விழியே துளைபடும். முடிச்சைப் புதைக்காவிட்டால் ஒவ்வொரு இமைப்பிலும் மணலாய் உறுத்தும். தானே கரையும் 8-0 விக்ரில் நூலும் உண்டு.

தையலுக்குப் பதிலாகப் பயன்படும் ஃபைப்ரின் பசை வேலையைச் சீக்கிரம் முடிக்கிறது, உறுத்தலும் குறைவு. ஆனால் விலை கூடுதல். கண்ணுக்குள் வைக்கும் லென்ஸுக்காக 1992இல் மதுரையில் தொடங்கிய ஆரோலேப் நிறுவனம், இப்போது தையல் நூலும் செய்கிறது.