உச்சத்தில் எடுக்கும் மூச்சு எதைச் சொல்கிறது?

கால் எட்டும்படி இருக்கையைத் தாழ்த்திய மிதிவண்டி. மூக்கையும் வாயையும் மூடிய முகமூடி. குழந்தை மிதிக்க மிதிக்க, மிதி கனத்துக்கொண்டே போகிறது: உயரம் 120 சென்டிமீட்டருக்குக் கீழ் என்றால் நிமிடத்துக்கு 10 வாட், 150 வரை 15, அதற்கு மேல் 20. பத்து நிமிடம் போல ஆனதும் கால் ஓய்ந்துவிடும். அந்தக் கடைசி மூச்சுகளில் உடல் எவ்வளவு ஆக்சிஜனை எடுத்துக்கொண்டது என்பதுதான் உச்ச ஆக்சிஜன் நுகர்வு. நுரையீரலையும் செரிமானத்தையும் தாக்கும் மரபு நோயான சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் உள்ள குழந்தையின் ஆயுளையே இந்த எண் சொல்லிவிடும் என்ற நம்பிக்கை மருத்துவ உலகில் உண்டு. அது எவ்வளவு தூரம் செல்லும்?

நம்பிக்கைக்கு வேர், 1992இல் பாட்ரிஷியா நிக்சன் குழுவினர் வெளியிட்ட அமெரிக்க ஆய்வு. 7 முதல் 35 வயது வரையிலான 109 நோயாளிகளை எட்டு ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். எதிர்பார்க்கும் உச்ச ஆக்சிஜன் நுகர்வில் 82 சதவீதமோ அதற்கு மேலோ எட்டியவர்களில் 83 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள். 58 சதவீதத்தைத் தாண்டாதவர்களில் 28 சதவீதம் பேர்தான். வயது, எடை, ஊதிக்காட்டி எடுக்கும் நுரையீரல் அளவீடு ஆகியவற்றைக் கணக்கில் கொண்ட பிறகும் இந்தத் தொடர்பு அழியவில்லை. இதில் வியப்பில்லை. ஊதிக்காட்டும் சோதனை நுரையீரலை மட்டும் பார்க்கிறது. மிதிவண்டியோ நுரையீரல், இதயம், தசை, உண்ட உணவு உடலில் ஒட்டியதா என்பது எல்லாவற்றையும் சேர்த்துக் கேட்கிறது.

ஆனால் இது குழந்தைகளையும் பெரியவர்களையும் கலந்து எடுத்த கணக்கு. தொடக்கத்தில் செய்த ஒரே சோதனையை வைத்துச் சொன்ன கணக்கு. குழந்தைகளை மட்டும் ஆண்டுதோறும் சோதித்த பியானோசி குழுவினரின் 2005ஆம் ஆண்டுக் கட்டுரை இந்த இடத்தில்தான் முக்கியமாகிறது. முதல் சோதனையின் எண் இறப்பை முன்னறிவிக்கவில்லை. ஆண்டுக்கு எவ்வளவு சரிந்தது, கடைசியில் எங்கே நின்றது என்பவைதான் முன்னறிவித்தன. கிலோ எடைக்கு நிமிடத்துக்கு 32 மில்லிலிட்டருக்குக் கீழே போனவர்களிடம் இறப்பு கடுமையாகக் கூடியது. 45ஐத் தாண்டியவர்களில் ஒருவரும் இறக்கவில்லை. என்றாலும் ஆய்வில் இருந்தது 28 குழந்தைகள். இதை வைத்து 32ஐ எல்லைக்கோடாக வரைவது அவசரம். கிலோவால் வகுப்பதிலும் ஒரு பொறி இருக்கிறது: சத்துக் குறைந்து மெலிந்த குழந்தைக்கு வகுக்கும் எண் சிறிதாவதால், விடை உள்ளதைவிட நன்றாகத் தெரியும். எடை குறைவதே ஆபத்தான நோயில் இது சின்னப் பிழை அல்ல.

உடல்திறன் கூடினால் நோய் தணியுமா என்பது வேறு கேள்வி. 12 வயதுக்கு மேற்பட்ட 117 பேரிடம் நடந்த, 2022இல் வெளியான ஆக்டிவேட்-சிஎஃப் சோதனையில், வாரம் மூன்று மணி நேரம் கூடுதலாகக் கடும் உடலுழைப்புச் செய்யச் சொன்ன குழுவில் உச்ச ஆக்சிஜன் நுகர்வு கூடியது. நுரையீரல் அளவீடோ, வழக்கமான வாழ்க்கையைத் தொடர்ந்த குழுவில்தான் சற்றுக் கூடுதலாக உயர்ந்தது. ஆக, நல்ல எண் நல்ல உடல்நிலையின் அடையாளம் என்பதற்குச் சான்று உண்டு. எண்ணை உயர்த்தினால் ஆயுள் உயரும் என்பதற்கு இன்னும் இல்லை. 2019இல் வந்த மூன்று மருந்துக் கூட்டுச் சிகிச்சை நோயின் போக்கையே மாற்றியிருப்பதால், 1992இன் சதவீதங்களை இன்றைய குழந்தைக்கு அப்படியே பொருத்துவதும் தவறு.

எனவே என் முடிவு இது: பத்து வயதிலிருந்து ஆண்டுக்கொரு முறை சோதிக்க வேண்டும் என்ற ஐரோப்பிய வல்லுநர்களின் பரிந்துரை சரியானது. காரணம், ஒற்றை எண்ணுக்கு இல்லாத மதிப்பு தொடருக்கு உண்டு. சென்ற ஆண்டைவிட எண் இறங்கியிருந்தால், சளித்தொற்றா, சாப்பாடா, அசையாமல் இருந்ததா என்று அன்றே தேடத் தொடங்கலாம். ஆனால் சோதனை முடிவுக் காகிதத்தைப் பார்த்து ஒரு தாயிடம் ஆயுளைக் கணித்துச் சொல்ல எந்த மருத்துவருக்கும் உரிமை இல்லை. உடற்பயிற்சியையும் நுரையீரலைக் காக்கும் மருந்தென்று விற்கக் கூடாது. மாடிப்படி ஏறவும், நண்பர்களோடு பந்து உதைக்கவும் தெம்பு தருகிறது என்று சொன்னால் போதும். அது மெய், குழந்தைக்கு வேண்டியதும் அதுதான்.