வெள்ளிக் காசின் தோலும் உள்ளும்

இடைக்கால ஹங்கேரியின் வெள்ளிக் காசுகளைப் பற்றி எழுதுவோரில் சிலர், காசின்மீது எக்ஸ் கதிரைப் பாய்ச்சி, வெள்ளி இத்தனை விழுக்காடு என்று ஒரு பட்டியல் தருகின்றனர். அதைக் கொண்டே இன்ன மன்னர் நேர்மையாளர், இன்னவர் செம்பைக் கலந்து குடிகளை ஏமாற்றியவர் எனத் தீர்ப்பும் கூறிவிடுகின்றனர். இத்தீர்ப்பு எவ்வளவு உறுதியானது? நீங்களே ஆராய்ந்து பாருங்கள்.

டெனார் எனப்படும் அக்காசு, வெள்ளியும் செம்பும் கலந்த மெல்லிய தகடு. பெரும்பாலும் ஒரு கிராமுக்கும் குறைந்த எடையுடையது. தகட்டைக் காய்ச்சி, அமிலத் தன்மையுள்ள கரைசலில் இட்டு வெளுப்பது இடைக்காலக் காசாலைகளின் வழக்கம். காய்ச்சும்போது மேற்பரப்பிலுள்ள செம்பு ஆக்சைடாகிறது. கரைசல் அதை நீக்கிவிட, வெள்ளி எஞ்சுகிறது. பின்னர் மண்ணில் புதைந்து கிடக்கும் நூற்றாண்டுகளிலும் செம்பே முதலில் அரிக்கப்படுகிறது. ஆகவே காசின் தோலில் வெள்ளி மிகுதி. உள்ளே செம்பு மிகுதி. செம்பு வெளிவிடும் எக்ஸ் கதிரோ, மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு ஆழத்திலிருந்து புறப்பட்டாலே பெரும்பகுதி வெள்ளியினுள் அடங்கிவிடும். கருவி படிப்பது தோலைத்தான்!

ஆர்க்கிமிடீஸ் வழியில் அடர்த்தியைக் காணலாமே என்பீர்கள். 0.5 கிராம் தூய வெள்ளி 47.7 மில்லிகிராம் நீரை இடம்பெயர்க்கும். அதே எடையுள்ள செம்பு 55.8 மில்லிகிராம் நீரை இடம்பெயர்க்கும். வேறுபாடு ஏறத்தாழ 8 மில்லிகிராமே. நிறுத்தலில் ஒரு மில்லிகிராம் பிழை நேர்ந்தால், விடையில் சுமார் 12 விழுக்காடு பிழை புகுந்துவிடும்.

அப்படியானால் மன்னர்கள் மீதுள்ள குற்றச்சாட்டு பொய்யா? அன்று. இரண்டாம் ஆண்ட்ரூ மன்னர் 1222இல் வழங்கிய பொற்பட்டயத்தில், புதிய காசு ஓர் ஈஸ்டர் முதல் அடுத்த ஈஸ்டர் வரை செல்லும் என்றும், டெனார்கள் பேலா மன்னர் காலத்தவை போல இருக்கும் என்றும் உறுதி கூறப்பட்டுள்ளது. குறையில்லாத இடத்தில் இத்தகைய உறுதிமொழிக்குத் தேவை எழாது. ஆனால் அரசின் ஆதாயம் செம்புக் கலப்பில் மட்டும் இருக்கவில்லை. பழைய காசுகளைச் செல்லாதவையாக்கி, அவற்றுக்கு ஈடாகக் குறைந்த எண்ணிக்கையில் புதியவற்றைக் கொடுப்பதிலும் அது கிடைத்தது. பதினான்காம் நூற்றாண்டில் சார்லஸ் ராபர்ட் மன்னர் இம்முறையைக் கைவிட்டு, அதற்கு ஈடாக வாயில் கணக்கில் வரி வாங்கினார். காசின் தூய்மையை மட்டும் பார்ப்பவருக்கு இந்தச் சுமை புலப்படாது.

எனவே இத்தகைய பட்டியலைக் காணும்போது மூன்று கேள்விகளைக் கேளுங்கள். அளந்தது தோலையா, உள்ளையா? எத்தனை காசுகளை அளந்தனர்? பிழையின் எல்லை என்ன? விடை இல்லாத பட்டியலைக் கொண்டு எந்த மன்னரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற வேண்டாம்.