இரைச்சலில் இருக்கிறது சூட்சுமம்

முடுக்கி வளையத்துக்குள் கற்றையாக ஓடும் துகள்கள் சொன்ன பேச்சு கேட்பதில்லை. ஒன்று பக்கவாட்டில் விலகும், ஒன்று முந்தும், ஒன்று பின்தங்கும். இந்த அலைபாய்ச்சலைத்தான் கற்றையின் சூடு என்கிறார்கள். சூடு தணிந்தால் கற்றை ஒடுங்கி அடர்த்தியாகும். எதிரெதிரே மோதவிடும்போது மோதல்கள் பெருகும். காந்தங்களை மட்டும் வைத்து இதைச் சாதிக்க முடியாது. அகலத்தை நெருக்கினால் கோணம் விரியும். லியூவில் தேற்றத்தின் கறார் அது.

ஜெனீவாவில் உள்ள செர்ன் ஆய்வுக்கூடத்தின் டச்சுப் பொறியாளர் சைமன் வான் டெர் மீர் 1968இல் அதில் ஓர் இடுக்கைக் கண்டுபிடித்தார். தேற்றம் கற்றையைத் தொடர்ச்சியான திரவமாகப் பாவிக்கிறது. உண்மையில் அது தனித்தனித் துகள்கள், நடுவே வெற்றிடம். துகளை உள்ளே தள்ளி வெற்றிடத்தை வெளியே ஒதுக்கினால் போதும். நடக்கிற காரியமா என்று அவருக்கே சந்தேகம். 1972 வரை அதை அச்சுக்குக் கொடுக்கவில்லை.

துகள் எங்கே என்று எப்படித் தெரியும்? தகரக் கூரையில் மழை சடசடப்பது அது துளித்துளியாக விழுவதால். மின்னோட்டமும் அப்படித்தான் இரையும் என்று வால்டர் ஷாட்கி 1918இலேயே விளக்கியிருந்தார். வளையத்தில் பொருத்திய மின்முனைகளை ஒட்டிக் கற்றை ஓடும்போது அந்த மெல்லிய இரைச்சல் பதிவாகிறது. அலைவெண் வாரியாகப் பிரித்துத் திரையில் போட்டால் ஒரு மேடு தெரியும். மேட்டின் அகலம் வேகங்களின் சிதறலைச் சொல்லும்; பரப்பு துகள்களின் எண்ணிக்கையைச் சொல்லும். கற்றையைத் தொடாமலே நாடி பார்த்தாயிற்று.

நாடி பார்த்த அதே சமிக்ஞைதான் மருந்தும். அதைப் பெருக்கி, வளையத்தின் குறுக்கே நேர்க்கம்பியில் அனுப்புகிறார்கள். துகள் வளைந்து சுற்றி வருவதற்குள் சமிக்ஞை குறுக்குவழியில் போய்க் காத்திருந்து, அதே துகளுக்கு ஒரு சின்னத் தட்டுக் கொடுக்கும். தட்டும் இடத்தையும் பார்த்துத்தான் வைக்க வேண்டும்: துகளின் ஊசலாட்டத்தில் கால் அலைநீளம், அல்லது அதன் ஒற்றைப்படை மடங்கு தள்ளி. இங்கே விலகலாக இருந்தது அங்கே சாய்வாகியிருக்கும். சாய்வைத் தட்டி நிமிர்த்தலாம்.

நான் மிகவும் ரசிப்பது இதற்குப் பிறகு வருவதை. ஒரு துகளுக்கான தட்டு அக்கம்பக்கத்துத் துகள்கள் மீதும் விழுந்து அவற்றைக் கலைக்கும். ஆனால் பலன் பெருக்கத்தின் அளவுக்கு வளர்கிறது. கேடு பெருக்கத்தின் வர்க்கமாக வளர்கிறது. ஆகவே மெதுவாகத் தட்டினால் பலனே மிஞ்சும். அடுத்த சுற்றுக்குள் அக்கம்பக்கம் மாறிவிட வேண்டும், அவ்வளவுதான். பலமாகத் தட்டுகிறவனுக்கு இங்கே வேலை இல்லை.

1978இல் செர்னின் ‘ஐஸ்’ (ICE) என்ற சோதனை வளையம் இந்த முறை பலிக்கும் என்று காட்டியது. 1980இல் எதிர்ப்புரோட்டான் சேமிப்பு வளையம் ஓடத் தொடங்கியது. அதில் எடுத்த ஒரு பதிவில், சுமார் 60 லட்சம் எதிர்ப்புரோட்டான்களின் பரந்த மேடு 2 விநாடியில் ஒல்லியான கூம்பாக நிமிர்கிறது. சூடு தணியும் முன் ஒன்று, தணிந்த பின் ஒன்று என இரண்டே கோடுகள். பார்க்கச் சலிக்காத படம். அப்படிச் சேர்த்த எதிர்ப்புரோட்டான்களைப் புரோட்டான்களோடு மோதவிட்டுத்தான் 1983இல் டபிள்யூ, இசட் துகள்களைப் பிடித்தார்கள். மறு ஆண்டே கார்லோ ரூபியாவோடு வான் டெர் மீருக்கும் நோபல். ரூபியாவின் பெயர் பரவிய அளவுக்கு இவர் பெயர் பரவாதது எனக்கு இன்னும் குறைதான்.

நொவோசிபிர்ஸ்கில் கெர்ஷ் பூட்கர் வேறு வழி கண்டார்: குளிர்ந்த எலெக்ட்ரான் ஓடையைக் கற்றையோடு சம வேகத்தில் ஓடவிட்டுச் சூட்டை அதற்குக் கடத்துவது. அதுவும் நேர்த்தியானதுதான், ஆனால் வேகம் குறைந்த, ஏற்கெனவே ஓரளவு அடங்கிய கற்றைகளிடம்தான் அது நன்றாகப் பலிக்கும். செர்னின் எதிர்ப்புரோட்டான் வேகத்தணிப்பு வளையத்தில் இரண்டையுமே வைத்திருக்கிறார்கள்: வேகம் மிகுந்த கட்டங்களில் வான் டெர் மீரின் முறை, வேகம் தணிந்த பிறகு பூட்கரின் முறை.