வாசலோடு நின்றுவிடும் கவிதை

முதியோர் இல்லத்தைப் பற்றித் தமிழில் எழுதப்படும் கவிதைகளுக்கு ஏறக்குறைய ஒரே கதைதான். மகன் காரில் அழைத்துவந்து இறக்கிவிடுகிறான். தாய் சபிப்பதில்லை, பார்த்துப் போ என்கிறாள். கல்லூரி ஆண்டு மலர், பட்டிமன்ற மேடை, அன்னையர் தின வாழ்த்து என எங்கும் இதே காட்சி. மருமகள் இந்தக் கதையில் பெரும்பாலும் வாய் திறப்பதில்லை. ஆனாலும் குற்றவாளி அவள்தான் என்பது சொல்லாமலே வாசகருக்கு விளங்கிவிடுகிறது. கார் திரும்பியதும் கவிதை முடிந்துவிடும். அன்றிரவு அந்தத் தாய் கழிவறைக்கு எழுந்தால் பிடித்துக்கொள்ளச் சுவரில் கம்பி இருக்கிறதா, விழுந்தால் தூக்க ஆள் இருக்கிறதா என்று அது கேட்பதில்லை.

கொல்லிமலை அடிவாரத்தில் புளியஞ்சோலைப் பக்கமிருந்து வரும் மாணவிகளுக்குச் சங்கப் பாடல் நடத்தும்போது கொல்லிப்பாவை தவறாமல் வருவாள். அவர்கள் ஊர் மலையின் பாவை அல்லவா! பாடல்களில் அவள் இன்னொருத்தியின் அழகுக்கு உவமையாக நிற்கிறாள், அவளுக்கென்று பேச்சில்லை. முதியோர் இல்லக் கவிதையின் தாயும் அப்படியொரு பாவைதான். மகனின் குற்றவுணர்வுக்கு அவள் உவமை. அவளுக்குப் பசியுண்டு, மூட்டுவலி உண்டு, யார் தன்னைக் குளிப்பாட்டலாம் என்பதில் விருப்பு வெறுப்பு உண்டு என்பதெல்லாம் கவிதைக்கு வேண்டாத செய்திகள்.

இந்தக் கவிதைக்கு அடியில் ஒரு நம்பிக்கை இருக்கிறது: வீடு பாதுகாப்பானது, இல்லம் கொடுமையானது. பிரியா கிருஷ்ணசாமி இயக்கி 2020இல் வெளியான ‘பாரம்’ படம் இதை அசைத்துப் பார்த்தது. இடுப்பெலும்பு முறிந்த இரவுக் காவலாளி மகன் வீட்டுக்குக் கொண்டுபோகப்படுகிறார். சில நாள்களில் இறந்துபோகிறார். தலைக்கூத்தல் என்ற சொல் மெல்ல மேலெழுகிறது. படுத்த படுக்கையாகிவிட்ட உடலைத் தூக்க, துடைக்க, திருப்ப வேண்டிய கைகள் யாருடையவை என்ற கேள்வி வீட்டுக்குள்ளும் இருக்கிறது, இல்லத்துக்குள்ளும் இருக்கிறது.

சட்டமும் கவிதையைப் போலவே பேசுகிறது. 2007ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டத்தின் 24ஆம் பிரிவு, பொறுப்பில் உள்ளவர் மூத்தவரைக் கைவிட்டால் 3 மாதம் வரை சிறை, 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்று உறுதியாகச் சொல்கிறது. அரசைப் பற்றிய 19ஆம் பிரிவில் குரல் தணிந்துவிடுகிறது. மாவட்டத்துக்கு ஒன்று என்று தொடங்கி, வறிய முதியோர் 150 பேராவது தங்கும் இல்லங்களை மாநில அரசு ‘அமைக்கலாம்’. பிள்ளைகளுக்குத் தண்டனை, அரசுக்கு விருப்பம். இல்லங்களின் பதிவையும் குறைந்தபட்சத் தரத்தையும் சட்டத்துக்குள்ளேயே கொண்டுவர முனைந்த 2019ஆம் ஆண்டுத் திருத்த மசோதா சட்டமாகவில்லை.

வாசலுக்கு அப்பால் நடப்பது அப்படியானால் எப்படித் தெரியவருகிறது? 2018 பிப்ரவரியில், காஞ்சிபுரம் மாவட்டம் பாலேஸ்வரம் கருணை இல்லத்தின் வண்டியில், ஒரு சடலத்தோடும் காய்கறிகளோடும் ஏற்றப்பட்டிருந்த மூதாட்டி கூச்சலிட்டார். சத்தம் கேட்டு மக்கள் வண்டியை நிறுத்தினார்கள். அதன் பிறகே அதிகாரிகள் உள்ளே போனார்கள். இறந்தவர்களைச் சிமென்ட் அறைகளில் வைத்து மூடும் முறை வெளியே தெரிந்தது. குற்றச்சாட்டுகளை நிர்வாகம் மறுத்தது. ஏறத்தாழ 300 பேர் வேறு இல்லங்களுக்கு மாற்றப்பட்டார்கள். 2023 தொடக்கத்தில் விழுப்புரம் மாவட்டம் குண்டலப்புலியூர் அன்பு ஜோதி ஆசிரம விவகாரம் வெடித்தது. அங்கே சேர்க்கப்பட்ட முதியவரைக் காணாமல் தொடுக்கப்பட்ட ஆட்கொணர்வு மனு அதற்கு வழிதிறந்தது, பெண்கள் பாலியல் வன்முறைப் புகார் சொன்னார்கள், வழக்கு சி.பி.சி.ஐ.டி.க்குப் போனது. இரண்டிலும் கதவைத் திறக்க வைத்தது வழக்கமான ஆய்வு அல்ல. மனுப் போட ஆள் உள்ளவருக்கு நீதிமன்றம் இருந்தது. பாலேஸ்வரத்து மூதாட்டியிடம் இருந்தது தொண்டை மட்டும்தான். அந்தக் கூச்சலுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நம் ‘பார்த்துப் போ மகனே’ கவிதைகள் எவ்வளவு பொய்யானவை!

புளியஞ்சோலையிலிருந்து வந்து படித்த ஒரு மாணவி, ‘தாய்மை’ என்ற தலைப்பில் கட்டுரை கேட்டபோது, நகரத்து இல்லம் ஒன்றில் ஆயாவாக இருக்கும் தன் அம்மாவின் ஓர் இரவை எழுதித் தந்தாள். இரவு 8 முதல் காலை 8 வரை, 26 பேருக்கு அம்மா ஒருத்தி. படுக்கையோடு இருப்பவர்கள் 7 பேர். இரண்டு மணிக்கொரு முறை புரட்டிப் படுக்க வைக்காவிட்டால் முதுகில் புண் வரும். ஏழு பேருக்கும் டயப்பர் மாற்றிப் புரட்டி முடிப்பதற்குள் முதல் ஆளுக்கு மறுபடி நேரமாகிவிடும். அந்த நேரம் பார்த்து வேறொரு பாட்டி தனியாக எழுந்து நடப்பார். அவர் விழுந்தால் காலையில் எல்லோரும் கேட்பது, ‘நீ தூங்கிட்டியா?’

உவமையே இல்லாத அந்த மூன்று பக்கங்கள், முதியோர் இல்லம் பற்றி நான் வாசித்தவற்றில் மிகச் சிறந்த எழுத்து. கொடுமைக்காரி என்று எவளையும் காட்டாமலே கொடுமை எப்படி உருவாகிறது என்று அது காட்டுகிறது. 26 பேருக்கு ஓர் ஆள் என்று தீர்மானித்தவர் அந்த இரவில் அங்கே இல்லை. காலை விசாரணையிலும் இல்லை. படுத்திருப்பவள் பெண், புரட்டிப் போடுபவள் பெண், ஊரார் வாயில் விழும் மருமகளும் பெண். இவர்களை ஒருவருக்கொருவர் எதிராக நிறுத்திவிட்டால் கணக்குப் போட்டவரை யாரும் தேட மாட்டார்கள்.

இல்லங்களுக்கு மதிய உணவு கொடுக்கவும் பிறந்தநாள் கொண்டாடவும் நம் மாணவிகள் குழுவாகப் போகிறார்கள்; படம் எடுத்துக்கொண்டு திரும்புகிறார்கள். அடுத்த முறை சில கேள்விகளையும் கொண்டு போகலாம். இரவில் எத்தனை பேருக்கு எத்தனை பணியாளர்? அவர்களுக்குச் சம்பளம் என்ன, வார விடுப்பு உண்டா? பெண்களைக் குளிப்பாட்டுவது யார்? தூக்க மாத்திரை யார் சொல்லித் தரப்படுகிறது? வெளியே போக விரும்பும் பாட்டி போக முடியுமா? புகார் சொல்ல வேண்டுமானால் நிர்வாகிக்குத் தெரியாமல் பேசத் தொலைபேசி உண்டா? அதிகாரி கடைசியாக வந்தது எந்தத் தேதியில்? திரும்பி வந்து கவிதை எழுதுகிறவர்கள் எழுதட்டும். இந்தப் பதில்களில் ஒன்றாவது அதற்குள் இருக்கட்டும்.